ஸ்பொன்சர்

பொறுப்பேற்பவர். ‘உறுதிமொழி கொடு’ என்னும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். திருமுழுக்கில் குழந்தைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானப்பெற்றோரையும் குறிக்கும். கனடாவின் அகதிச் சட்டத்தில் இதற்குத் தனிப்பொருள் உண்டு: சாதாரண மக்கள் குழுவாகச் சேர்ந்து நிதி திரட்டி, ஓர் அகதியை வரவழைத்து, வழக்கமாக ஓராண்டுக்கு வாடகை, சாப்பாடு, மொழி வகுப்பு, வேலை தேடல் அனைத்துக்கும் துணைநிற்பது. 1979இல் வியட்நாம், லாவோஸ், கம்போடிய அகதிகளுக்காக இம்முறை பெருகியது. பால்புதுமையருக்கென வான்கூவரின் ‘ரெயின்போ ரெஃப்யூஜி’ அமைப்பும் கனடிய அரசும் 2011இல் தனித் திட்டம் தொடங்கின. நேசித்ததற்காகச் சிறைக்கு அஞ்சி ஓடுபவரைப் பல வேளை பெற்ற குடும்பமே கைவிட்டிருக்கும். உறவினர் அழைப்புக்கு வழியிராது. அவருக்கு நன்கொடையோடு ஆள்துணையும் வேண்டும். தமிழில் நெருங்கிய தொடர்: பிணைநிற்றல்.