சுற்றாத காற்றாடி: ஒரு சிறு வரலாறு

2009ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் தென் லண்டனில் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். புதிய கட்டடம். அதன் கூரை மூலையில், முறுக்கிவிட்ட ரிபன்போல வளைந்த மூன்று தகடுகளுடன் ஒரு செங்குத்துக் காற்றாடி நின்றது. நான் அங்கிருந்த பதினான்கு மாதங்களில் அது சுற்றிய நாட்களை விரல்விட்டு எண்ணலாம். திருத்தவேலைக்கு வந்த போலந்துக்காரர் ஒருவரிடம் ஒருநாள் காரணம் கேட்டேன். "கட்டட அனுமதிக்காக வைத்தது. அனுமதிதான் கிடைத்துவிட்டதே" என்றார்.

அந்தப் பதில் என்னைக் குடைந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில், மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு செய்தியறிக்கைக்கு எவ்வளவு கை வலிக்கும் என்பது எங்கள் உடம்புக்குத் தெரியும். மின்சாரம் தராத மின்பிறப்பாக்கியைக் கூரையில் அலங்காரமாக நிறுத்தி வைத்திருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதன் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன்.

காற்றாலை என்றதும் நமக்கு ஒல்லாந்துக் காற்றாலைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் மூத்தது செங்குத்து அச்சுடையதே. பத்தாம் நூற்றாண்டில் அல் மசூதி, காற்றால் ஆலைகள் சுற்றும் நாடு என்று சீஸ்தானைக் குறிப்பிடுகிறார். ஈரானின் கிழக்கு எல்லையில், ஆப்கானிஸ்தானுக்கு அருகிலுள்ள நஷ்திஃபான் என்னும் ஊரில் மண்ணாலும் வைக்கோலாலும் மரத்தாலும் ஆன அத்தகைய ஆலைகள் ஏறத்தாழ முப்பது இன்றும் நிற்கின்றன. அப்பிரதேசத்தில் கோடையில் ஏறத்தாழ 120 நாட்கள் காற்று ஒரே திசையிலிருந்து வீசும். அதை அறிந்தே ஊரவர்கள் சுவர்களை எழுப்பினார்கள். சுவர் ஒரு பாதித் தட்டுகளைக் காற்றிலிருந்து மறைக்கும், மறுபாதி தள்ளப்படும், கீழேயுள்ள கல் மாவரைக்கும். அங்கே கட்டடமே இயந்திரத்தின் ஓர் உறுப்பு. கட்டி முடித்த கட்டடத்தின் தலையில் யாரும் காற்றாடியைக் கொண்டுபோய் வைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அச்சு மறுபடி பிறந்தது. 1920களில் பின்லாந்தின் சிகுர்ட் சவோனியஸ், பீப்பாயை நெடுக்காகப் பிளந்து இரு பாதிகளையும் சற்று விலக்கிப் பொருத்தியது போன்ற ஒரு சுழலியை உருவாக்கினார். மெதுவாகச் சுற்றும், ஆனால் சிறு காற்றிலும் தானாகக் கிளம்பும். பிரான்சின் ஜோர்ஜ் டாரியஸ் 1925இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது வேறு இனம்: விமானச் சிறகு போன்ற வளைந்த தகடுகள். வேகமாகச் சுற்றும், ஆனால் தானாகக் கிளம்பத் தயங்கும். டாரியஸின் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. எவ்வளவு மறக்கப்பட்டதென்றால், அறுபதுகளின் இறுதியில் ஒட்டாவாவில் கனடிய தேசிய ஆராய்ச்சிச் சபையின் பீற்றர் சவுத்தும் ராஜ் ரங்கியும் அதே வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தபோது, அது ஏற்கெனவே காப்புரிமை பெற்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி அதற்குப் பணம் கொண்டுவந்தது. கியூபெக்கின் கப்-ஷா என்னுமிடத்தில் 110 மீற்றர் உயரமான 'எயோல்' எண்பதுகளின் பிற்பகுதியில் எழுந்தது. 1993இல் நின்றுபோயிற்று. பாரம் முழுவதையும் தாங்கும் அடித்தாங்கியே அதன் பலவீனம். பிறகு அது உல்லாசப் பயணிகள் பார்க்கும் பொருளாயிற்று.

என் கூரையில் நின்ற முறுக்குத் தகட்டின் கதை இன்னொன்று. புகலிடத்தில் வாழும் நாம் கவனிக்கவேண்டியது அதைத்தான்.

அலெக்சாண்டர் கோர்லொவ் மொஸ்கோவைச் சேர்ந்த பொறியியலாளர், எழுத்தாளர் சொல்செனிற்சினின் நண்பர். 1971 ஓகஸ்ற்றில், நோயுற்றிருந்த நண்பருக்காக, அவரது கோடைவீட்டிலிருந்து கார் உதிரிப்பாகம் ஒன்றை எடுத்துவரப் போனார். உள்ளே கே.ஜி.பி. ஆட்கள் இரகசியமாகச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். கண்டுவிட்ட குற்றத்துக்காக அடித்தார்கள். கண்டதை வெளியில் சொல்லமாட்டேன் என்று எழுதித்தரச் சொன்னார்கள். அவர் மறுத்தார். சொல்செனிற்சின் அந்திரோபொவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1975இல் கோர்லொவ் நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் பொஸ்ரனில் நோர்த்ஈஸ்ற்றேர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். (ஓர் உதிரிப்பாகத்துக்காக நாடிழந்த மனிதர். எம்மில் சிலர் அதைவிடச் சிறிய காரணங்களுக்காகவும் இழந்திருக்கிறோம்.)

அணை கட்டாமல் ஆற்றிலிருந்தும் கடல்வற்றுப் பெருக்கிலிருந்தும் மின்சாரம் எடுப்பதே அவரது முதன்மையான நோக்கம். டாரியஸ் சுழலி ஒவ்வொரு சுற்றிலும் உதறும். விசை விட்டுவிட்டு வரும். கோர்லொவ் தகடுகளைச் சுருளாக முறுக்கினார். அப்போது எந்தக் கணத்திலும் தகட்டின் ஏதோ ஒரு பகுதி நல்ல கோணத்தில் நிற்கும். உதறல் அடங்கியது, கிளம்புவதும் எளிதாயிற்று. 1995இல் அமெரிக்கக் காப்புரிமை, 2001இல் இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் எடிசன் விருது. தென்கொரியாவின் உல்தோல்மொக் நீரிணையில் இந்தச் சுழலிகள் கடலோட்டத்தில் இறக்கப்பட்டன. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வற்றுப் பெருக்கு வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம். அவரது வடிவத்துக்கு அதுவே தாய்வீடு.

அதைத் தூக்கிக் கூரைக்கு ஏற்றியவர்களின் காரணம் வேறு. 2003இல் லண்டனின் மேர்ட்டன் நகரசபை ஒரு விதி கொண்டுவந்தது: 1000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட, குடியிருப்பு அல்லாத புதிய கட்டடங்கள் தமது சக்தித் தேவையில் 10 வீதத்தையாவது அவ்விடத்திலேயே புதுப்பிக்கத்தக்க வழியில் பெறவேண்டும். நல்ல விதி, பல நகரசபைகள் பின்பற்றின. நான் வேலை செய்த களஞ்சியசாலை இன்னொரு சபையின் எல்லைக்குள் இருந்தது. ஆனால் வீதம் கணக்கிடப்பட்டது வரைபடத்தில். வரைபடத்தில் செங்குத்துக் காற்றாடி அழகாக இருக்கும். எந்தத் திசைக் காற்றையும் ஏற்கும், இரைச்சல் குறைவு, சிற்பம் போன்ற தோற்றம்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடியாகக் கூடும். வேகம் பாதியானால் சக்தி எட்டிலொன்று. 5 மீற்றர் உயரமும் 3 மீற்றர் அகலமுமான சுழலி 15 சதுர மீற்றர் காற்றைப் பிடிக்கும். வினாடிக்கு 4 மீற்றர் வேகத்தில் அந்தப் பரப்பினூடாகப் போவது ஏறத்தாழ 590 வாற். அதில் 59 வீதத்துக்கு மேல் எந்த இயந்திரமும் எடுக்கமுடியாது என்று ஜேர்மனியரான பெற்ஸ் காட்டினார். சிறிய சுழலி 30 வீதம் எடுத்தாலே பெரிது: 175 வாற். சோறு சமைக்கும் குக்கர் ஒன்றுக்கே போதாது. நகரக் கூரையில் காற்று சுவரில் மோதிச் சுழன்று குழம்பி வருவதால் அந்த அளவும் நிச்சயமில்லை.

2009 தைமாதம் வெளியான வோரிக் பரிசோதனை அறிக்கை இதை அளந்து காட்டியது. இங்கிலாந்தில் கட்டடங்களில் பொருத்திய 26 சிறு காற்றாடிகள். நின்ற காலத்தையும் சேர்த்தால், அவை தம் முழுக் கொள்ளளவில் சராசரியாகக் கொடுத்தது 0.85 வீதம், ஓடிய காலத்தை மட்டும் எடுத்தால் 4.15 வீதம். மிக மோசமானது தன் இலத்திரனியல் பகுதிகளுக்கு இழுத்த மின்சாரத்தைவிடக் குறைவாக உற்பத்தி செய்தது. அவை பெரும்பாலும் கிடை அச்சுடையவை என்பது உண்மைதான். ஆனால் கூரைமேல் வரும் காற்று இரண்டுக்கும் ஒன்றே.

என் நண்பர் ஒருவர் வாதிடுகிறார்: இருக்கட்டுமே, மக்கள் அண்ணாந்து பார்த்தாவது சக்தியைப் பற்றி யோசிப்பார்களே என்று. 2015இல் ஈபிள் கோபுரத்தில் இரண்டு செங்குத்துக் காற்றாடிகள் பொருத்தப்பட்டபோது சொல்லப்பட்டதும் ஏறக்குறைய அதுதான். வருடத்துக்கு 10,000 கிலோவாற் மணி எதிர்பார்க்கப்பட்டது. அந்தக் கோபுரத்துக்கு அது ஒரு துளி. ஆனால் அங்கே தரையிலிருந்து நூற்றுச் சொச்சம் மீற்றர் உயரத்தில் காற்றாவது இருந்தது. எங்கள் களஞ்சியசாலையின் உயரம் மூன்று மாடி.

கூரையில் சொன்ன வேலையைச் செய்யும் சுழலி ஒன்று உண்டு. பாரவான்களின் கூரையில் சுற்றும் சிறு காற்றோட்டி. சவோனியஸ் சுழலியின் வழிவந்தது, பிளெட்னர் என்ற பெயரில் விற்கப்படுவது. மின்சாரம் எதுவும் தருவதில்லை. வெப்பக் காற்றை வெளியே இழுக்கிறது, அவ்வளவுதான். எங்கள் முற்றத்துக்கு ஒவ்வோர் இரவும் வந்த வான்கள் சிலவற்றில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: அடுத்த காற்றாடியை ஏற்றுமுன் அந்தக் கூரையில் ஒரு வருடம் காற்றை அளக்கட்டும். ஏற்றியபின் மானி காட்டும் இலக்கத்தை வாசலில் எழுதிப் போடட்டும். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.