நிற ஒப்பீட்டு அட்டை

நிற ஒப்பீட்டு அட்டை என்பது ஒளிப்படங்களில் நிறத்தையும் ஒளியளவையும் சரிசெய்யப் பயன்படும் அட்டை ஆகும். இதிலுள்ள ஒவ்வொரு கட்டமும் எந்த நிற ஒளியை எவ்வளவு தெறிக்கும் என்பது முன்னரே அளந்து அறியப்பட்டிருக்கும்.

தேவை

படக்கருவியை அடையும் ஒளி, பொருளின் நிறத்தை மட்டுமன்றி, அதன்மீது விழும் ஒளியின் நிறத்தையும் சார்ந்தது. வெள்ளைத்தாள் ஒன்று இழை மின்விளக்கொளியில் மஞ்சளாகவும், வெட்டவெளி நிழலில் சற்று நீலமாகவும் பதிவாகும். மனிதக் கண்ணும் மூளையும் இவ்வேறுபாட்டைப் பெருமளவு ஈடுசெய்கின்றன. படக்கருவியின் தானியங்கி அமைப்பு ஊகத்தின் அடிப்படையிலேயே இதைச் செய்கிறது. நிறம் அறியப்பட்ட பொருளொன்று படத்தில் இருப்பின் ஊகம் தேவையில்லை.

வகைகள்

- சாம்பல் அட்டை: தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் தெறிக்கும். ஒளியளவைக் கணிக்க உதவுகிறது.
- கலர்செக்கர்: 1976 இல் அறிமுகமானது. 24 கட்டங்கள் கொண்டது. இவற்றுள் ஆறு, வெள்ளை முதல் கறுப்பு வரையான நிறச்சாயலற்ற கட்டங்கள். மனிதத் தோல், வானம், இலை ஆகியவற்றை ஒத்த கட்டங்களும் உண்டு.

பயன்படுத்தும் முறை

1. பொருளின்மீது விழும் அதே ஒளி அட்டையின்மீதும் விழுமாறு வைத்துப் படமெடுக்க வேண்டும். அட்டை பளபளக்கக் கூடாது.
2. சாம்பல் கட்டத்தில் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் சமமாகுமாறு கணினியில் திருத்த வேண்டும்.
3. அதே ஒளியில், அதே அமைப்புகளுடன் எடுத்த ஏனைய படங்களுக்கும் அத்திருத்தத்தை இடலாம்.

செவ்வாய்க் கோளில்

வைக்கிங் 1 விண்கலம் 1976 சூலை 20 அன்று செவ்வாயில் தரையிறங்கியது. அது அனுப்பிய முதல் வண்ணப்படம், தொடக்கத்தில் வானம் நீலச்சாயலுடன் தோன்றுமாறு வெளியிடப்பட்டது. நிற அளவுகள் சரிசெய்யப்பட்ட பின்னரே, வளிமண்டலத் தூசியால் அவ்வானம் வெளிர் செம்மஞ்சள் சார்ந்தது எனத் தெரியவந்தது. நேரில் சென்று ஒப்பிட எவருமில்லாத இடத்தில், கலத்தில் பொருத்தப்பட்ட ஒப்பீட்டு அட்டையே சான்றாகிறது.

2004 இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளில் இவ்வட்டை சூரியக் கடிகார வடிவில் அமைந்திருந்தது. அதன் நடுக்கம்பின் நிழல் விழும் பகுதியையும் வெயில் படும் பகுதியையும் ஒப்பிட்டு, நேரடிச் சூரிய ஒளியையும் தூசியால் சிதறி வரும் வானொளியையும் பிரித்தறிய முடிந்தது.

வரம்புகள்

நாளடைவில் கட்டங்கள் நிறம் மங்கும். தூசியும் அளவீட்டைப் பிறழச் செய்யும். இதனால் 2012 இல் இறங்கிய கியூரியோசிட்டி ஊர்தியின் அட்டையில், தூசியை ஈர்த்து ஒதுக்கக் காந்தங்கள் பதிக்கப்பட்டன. மேலும், ஒளி மாறினால் முந்தைய திருத்தம் பொருந்தாது. அட்டையை மீண்டும் படமெடுக்க வேண்டும்.