ஊரை இழந்தால் எத்தனை நாள் துக்கம்?

ஒருவர் மௌத்தானால் என்ன செய்யிறது எண்டு புத்தளத்து முஸ்லிம் ஊர்களில் யாரும் யோசிச்சு நிற்கிறதில்லை. குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸாத் தொழுது அடக்குவோம். துக்கம் மூன்று நாள். கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். எல்லாத்துக்கும் கணக்கிருக்கு. ஆனால், ஓர் ஊரையே இழந்தவர்களுக்கு?

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்கு 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார்த் தீவுச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியது. பெரும்பாலானவர்கள் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினார்கள். ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி எண்டு ஓலைக் கொட்டில்கள் எழுந்தன.

துக்கத்தைப் பற்றி பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் எழுதியது எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. கவலை வந்ததால்தான் மனிதர் கூடி அழுகிறார்கள் எண்டு நாம் நினைக்கிறோம். அவரோ, துக்கம் காப்பது குழு தன் உறுப்பினர்மேல் சுமத்தும் கடமை என்கிறார். ஒருவரை இழக்கும் குழு தன்னைப் பலவீனமாக உணருது; கூடி அழும்போது அந்தப் பலம் திரும்புது. அதனால் செத்தவரை அதிகம் தெரியாதவரும் செத்தவீட்டுக்குப் போகவேணும். போகாதவர் ‘நான் உங்கள் ஆள் இல்லை’ எண்டு சொன்ன மாதிரி.

ஊருக்கு ஜனாஸா இல்லை. அந்த இடத்தில்தான் ‘கறுப்பு ஒக்டோபர்’ நினைவுகூரல்கள் வந்தன. மூத்தவர்கள் ஒழுங்கை, பள்ளிவாசல், கிணறு எண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். சோனகதெருவைக் கண்ணாலும் காணாத பிள்ளை அதைக் கேட்டு ‘எங்கட ஊர்’ என்கும். துர்கைமின் மாணவர் மோரிஸ் ஹல்ப்வாக்ஸ் சொன்ன கூட்டு நினைவு இதுதான்: தனி மனிதரின் நினைவுக்கும் ஒரு குழுவும் ஓர் இடமும் சாய்மானமாக வேண்டும்.

ஆனால் துர்கைமின் வாதத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. துக்கம் ‘நாங்கள்’ யார் எண்டு காட்டுமென்றால், வராதவர்கள் யார் எண்டும் காட்டும். 2002இல் கிளிநொச்சி ஊடகச் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் தவறு எண்டு ஒப்புக்கொண்டார். தவறை ஒப்புக்கொள்வது அரசியல். செத்தவீட்டுக்கு வந்து குந்தியிருப்பது வேறு. புத்தளத்திலும் இடம் கொடுத்தோம், சாப்பாடு கொடுத்தோம். பிறகு வருசக்கணக்காக அவர்களை ‘அகதி’ எண்டே கூப்பிட்டோம்.

இதை எழுதும் எங்களில் வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறோம்; புத்தளத்துப் பழைய குடும்பங்களின் பிள்ளைகளும், மே 18இல் முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றுகிற தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறோம். 1990இல் எங்களில் யாரும் பிறக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஆனால் துக்கத்துக்குப் போக, குற்றவாளியாய் இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

வருகிற ஒக்டோபர் 30இல் வடக்கு முஸ்லிம்கள் மட்டும் தங்களுக்குள் கூடிப் பேசிக் கலைந்தால், இந்தக் கட்டுரையில் இவ்வளவு நேரமும் நாங்கள் எழுதிய ‘நாங்கள்’ பொய்.