அடிமைத்தளை அறுந்த பின்

1865-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் இரவு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள சவானா நகரத்து மாளிகை ஒன்றில், கருநிற மக்களின் திருச்சபைகளைச் சேர்ந்த ஊழியர் இருபது பேர் வந்து கூடினர். அவர்களை அழைத்திருந்தவர்கள் போர் அமைச்சர் ஸ்டான்டனும் வடபுலப் படைத்தலைவர் ஷெர்மனும் ஆவர். உள்நாட்டுப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஷெர்மனின் படைக்குப் பின்னால், தளை அறுந்த அடிமைகள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்துகொண்டிருந்தனர். இவர்களை என் செய்வது? இக்கேள்வியை அம்மக்களிடமே கேட்டுப் பார்ப்போம் என்று ஆட்சியாளர் எண்ணியது அக்காலத்தில் புதுமையான செயலே.

இருபதின்மர் சார்பில் விடையளித்தவர் காரிசன் பிரேசியர் என்னும் 67 வயது முதியவர். 1857 வரை அவர் அடிமை. பொன்னும் வெள்ளியுமாக 1,000 டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் விலைக்கு வாங்கிக்கொண்டவர். தம்மைத் தாமே விலைக்கு வாங்குவது! இச்சொற்றொடரை எழுதும்போதே கை கூசுகிறது. அடிமைத்தனம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டனர். பிறனுடைய உழைப்பை அவன் இசைவின்றி வலிமையால் பெறுவதே அது என்றார். உங்களை நீங்களே காத்துக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்டனர். நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிடுவோம், காலப்போக்கில் விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளவும் வேண்டும் என்று விடை வந்தது. அவர் பிச்சை கேட்கவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

நான்கு நாள் கழித்து ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர் தொடங்கித் தெற்கே புளோரிடா வரையுள்ள கடலோரத் தீவுகளும், கடலிலிருந்து 30 மைல் தொலைவுவரை கைவிடப்பட்டுக் கிடந்த நெல்வயல்களும் விடுதலை பெற்ற மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. குடும்பத்திற்கு 40 ஏக்கருக்கு மேற்படாத நிலம். படையில் வேலையற்றுப் போன கோவேறு கழுதைகளும் சிலருக்குக் கிடைத்தன. 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்று இன்றும் அமெரிக்கர் நாவில் வழங்கும் தொடர் இவ்வாறு பிறந்தது. சில திங்களுக்குள் ஏறத்தாழ 40,000 பேர் சுமார் 4 இலட்சம் ஏக்கரில் குடியேறினர்.

அந்நிலம் அவர்களிடம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அஃது ஏன் என்பதை அறிந்தால் அதன்பின் நிகழ்ந்த பன்னிரண்டு ஆண்டு வரலாற்றின் முடிச்சு அவிழும்.

போரின் தொடக்கத்தில் அந்நாட்டின் மக்கள்தொகை 3 கோடிக்குச் சற்று மேல். அதில் அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம். அடிமை முறையைக் காக்கவே பதினொரு தென் மாநிலங்கள் பிரிந்து சென்றன. நான்காண்டுப் போரில் மாண்டவர் 6 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். பிற்கால ஆய்வாளர் இத்தொகையை 7 இலட்சத்திற்கும் மேலாகக் கணிக்கின்றனர். வடபுலப் படையில் போரிட்ட கருநிற வீரர்கள் மட்டும் ஏறத்தாழ 1,80,000. 1865 ஏப்ரல் 9-இல் தென்புலத் தளபதி லீ சரணடைந்தார். ஆறாம் நாள் காலை குடியரசுத் தலைவர் லிங்கன் உயிருடன் இல்லை.

அவருக்குப்பின் தலைமை ஏற்றவர் துணைத் தலைவர் ஆண்ட்ரு ஜான்சன். டென்னசி மாநிலத்துத் தையற்காரராக வாழ்வைத் தொடங்கியவர். பெருந்தோட்டச் சீமான்களை அவருக்குப் பிடிக்காது. ஆனால் கருநிறத்தார் தமக்கு நிகராவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. முதலில் சினந்த அச்சீமான்களுக்கே பின்னர் அவர் மன்னிப்பை வாரி வழங்கினார். மன்னிப்புப் பெற்றவர் தம் நிலத்தையும் திரும்பப் பெறலாம் என்றார். நிலம் திரும்புமாயின் அதில் குடியேறியவர் கதி என்ன?

இச்செய்தியைச் சொல்லும் பொறுப்பு ஆலிவர் ஹோவர்டு என்பவர் தலையில் விழுந்தது. விடுதலை பெற்றோர் நலனுக்காக 1865 மார்ச்சில் நிறுவப்பட்ட துறையின் தலைவர் அவர். போரில் வலக்கையை இழந்தவர். அவ்வாண்டு அக்டோபரில் எடிஸ்டோ என்னும் தீவின் தேவாலயத்தில் மக்களைக் கூட்டினார். கூட்டம் கொந்தளித்தது. அப்போது ஒரு மூதாட்டி துயரப் பாடல் ஒன்றைத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து பாடினர். ஹோவர்டு கண் கலங்கிவிட்டார். பழைய எசமானரை மன்னியுங்கள், அவர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வேலை செய்யுங்கள் என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் கூற இயலவில்லை. தீவு மக்கள் தங்களுக்குள் ஒரு குழு அமைத்து விண்ணப்பம் எழுதினர். மரத்தில் கட்டி எங்களை அடித்தவனை மன்னிக்கச் சொல்கிறீர், அவன் நிலத்திலேயே அவன் விருப்பப்படி வாழ்ந்தால் நாங்கள் விடுதலை பெற்றவராவது எப்படி என்பது அதன் கருத்து. நிலமில்லாதவன் விடுதலை பெயரளவு விடுதலையே என்பதை அம்மக்கள் அறிஞருக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

தென் மாநிலச் சட்டமன்றங்கள் வாளாவிருக்கவில்லை. 1865-இன் இறுதியில் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் செய்தது. கருநிறத்தார் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஜனவரியில் தமக்கு வேலை உண்டு என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். இடையில் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலி போயிற்று. பிடித்துக் கொண்டுவரவும் செய்யலாம். தென் கரோலினாவிலோ உழவும் வீட்டுவேலையும் தவிர வேறு தொழில் செய்யும் கருநிறத்தார் 10 முதல் 100 டாலர் வரை ஆண்டு வரி கட்ட வேண்டும். அடிமை என்னும் பெயர் மட்டுமே நீங்கியது.

இவற்றைக் கண்டு வெகுண்ட காங்கிரசு, ஜான்சனின் மறுப்புகளைத் தள்ளி அடுத்தடுத்துச் சட்டம் இயற்றியது. 1865-இல் நிறைவேறிய 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இன் 14-ஆவது திருத்தம் அந்நாட்டில் பிறந்தோர்க்குக் குடியுரிமையும் சட்டத்தின்முன் சமநிலையும் அளித்தது. 1870-இன் 15-ஆவது திருத்தம் நிறம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. 1867-இல் பத்துத் தென் மாநிலங்கள் ஐந்து படை மாவட்டங்களாக்கப்பட்டன. கருநிற ஆடவரும் வாக்களித்துப் புதிய அரசியல் சட்டங்களை வகுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1868-இல் ஜான்சன் மீது குற்ற விசாரணை நடந்தது. ஒரே ஒரு வாக்கில் அவர் பதவி தப்பியது.

இக்காலத்தின் பணிகளுள் தலையாயது எதுவெனில், பள்ளிக்கூடம் என்றே கூறுவேன். போருக்கு முன் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். அத்தடை நீங்கியதும் பாட்டியும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தனர். தேவாலயங்கள், கொட்டகைகள், பழைய படைக் கூடாரங்கள் யாவும் பள்ளிகளாயின. 1870 அளவில் ஹோவர்டின் துறையின் ஆதரவில் இயங்கியவை 4,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள். அவற்றில் பயின்றோர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். பிஸ்க், ஹோவர்டு, ஹாம்ப்டன் ஆகிய உயர்கல்வி நிலையங்கள் 1866 முதல் 1868 வரையுள்ள மூன்றாண்டுக்குள் தோன்றின. 1870-இல் அந்நாட்டுக் கருநிற மக்களுள் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறியாதவர். 1900-இல் அவ்வெண் 45-க்கும் கீழே வந்துவிட்டது. பள்ளிகளைக் கொளுத்தியவர்களும் ஆசிரியர்களை அடித்து விரட்டியவர்களும் இருந்த நாட்டில் இது நிகழ்ந்தது.

தென் கரோலினாவின் 1868-ஆம் ஆண்டு அரசியல் சட்ட மன்றத்தில் கருநிறத்தாரே பெரும்பான்மையினர். அங்கே அமர்ந்தவருள் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். போபர்ட் என்னும் ஊரில் எசமானர் வீட்டுக்குப் பின்புறக் குடிசையில் 1839-இல் பிறந்தவர். 1862 மே 13-இல், தாம் மாலுமியாக இருந்த தென்புலத்துக் கப்பலைப் பொழுது விடியுமுன் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிக்கொண்டு போய் வடபுலத்தாரிடம் ஒப்படைத்தார். கப்பல் தலைவனின் தொப்பியை அணிந்து, கோட்டைக் காவலர்க்கு உரிய சைகைகளைத் தவறாமல் தந்து, குடும்பத்தாரும் தோழருமாகப் பதினாறு உயிர்களைக் கரை சேர்த்தார். பின்னர் வரி நிலுவைக்காக ஏலத்திற்கு வந்த அவ்வெசமானர் வீட்டையே விலைக்கு வாங்கினார்! அவர் அம்மன்றத்தில் வலியுறுத்தியது எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளி. வெள்ளையர் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். தென் மாநிலங்களில் பொதுக்கல்வி முறை பரவலாக வேரூன்றியது அடிமைகளாய் இருந்தோர் கலந்துகொண்ட இச்சபைகளால்தான்.

அவ்வரசுகளில் ஊழல் இல்லையா எனக் கேட்கலாம். இருந்தது. நியூயார்க்கில் அதைவிடப் பெரிய ஊழல் அதே ஆண்டுகளில் நடந்தது. அதைக் காட்டி வெள்ளையர் ஆளத் தகுதியற்றோர் என்று எவரும் எழுதவில்லை.

எதிர்ப்பு இரவில் முகமூடி அணிந்து வந்தது. கு கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டம் வாக்களித்தவர்களையும் ஆசிரியர்களையும் வேட்டையாடியது. 1871-இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் படையை அனுப்பி அதை ஒடுக்கினார். ஆயினும் வன்முறை வேறு உருவில் தொடர்ந்தது. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று லூயிசியானாவின் கோல்பாக்ஸ் ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கருநிறத்தார் தாக்கப்பட்டனர். சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டனர். மாண்டோர் 60 என்பாரும் 150 என்பாரும் உளர். தண்டனை பெற்ற மூவரையும் உச்ச நீதிமன்றம் 1876-இல் விடுவித்தது. 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனி மனிதரைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பு. கொலையுண்டவனைக் காக்க மாநிலமும் முன்வராது, நடுவண் அரசும் முன்வரலாகாது என்றால் அவன் எங்கே போவான்?

1873-இல் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. வடபுல மக்களுக்குத் தென்புலத் துயரம் சலித்துப் போயிற்று. 1876 தேர்தலில் ஹேய்ஸ், டில்டன் இருவருள் யார் வென்றார் என்னும் வழக்கு நீண்டது. 185-க்கு 184 என ஹேய்சுக்குத் தலைமை கிடைத்தது. தென்புலத்தார் அதை ஒப்புக்கொள்வர், படையினர் விலகிக்கொள்வர் என்னும் பேச்சு வாஷிங்டனில் வார்ம்லி என்பவரின் விடுதியில் நடந்தது. அவ்விடுதியின் உரிமையாளர் ஒரு கருநிறத்தவர் என்பதை என்னென்பது! 1877 ஏப்ரலில் கொலம்பியா, நியூ ஆர்லியன்ஸ் நகரங்களின் ஆட்சிமன்றக் கட்டடங்களைக் காத்த படையினர் பாசறை திரும்பினர். புனரமைப்புக் காலம் முடிந்தது.

நிலம் இழந்தோர் வாரக்குடிகளாயினர். விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கு. மீதியில் விதை, உணவு, துணி ஆகியவற்றின் கடன் கடைக்காரருக்கு. போர்க்காலத்தில் அமெரிக்கப் பருத்தி வராதபோது இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்தியையும் எகிப்தியப் பருத்தியையும் நாடின. போர் ஓய்ந்தபின் உலகச் சந்தையில் பருத்தி பெருகி விலை சரிந்தது. விலை சரியச் சரியக் கடன் ஏறியது. கடன் தீராதவன் நிலத்தை விட்டு அகல இயலாது. ஷெர்மன் ஆணைப்படி 40 ஏக்கர் நிலைத்திருந்தால் வாக்குரிமையைப் பறிக்க வந்தவனை எதிர்த்து நிற்கும் வலிமை அம்மக்களுக்கு ஓரளவேனும் இருந்திருக்கும் என்பது என் கருத்து. நிலத்துக்காரன் வீட்டில் குடியிருந்துகொண்டு அவனுக்கு எதிராக வாக்களிப்பது எளிதன்று.

பின்னர் வாக்கும் போயிற்று. லூயிசியானாவில் 1896-இல் பதிவு பெற்ற கருநிற வாக்காளர் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர்.

இக்கொடுமைக்கு ஏற்ப வரலாறும் எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டன்னிங்கும் அவர் மாணாக்கரும், ஆளத் தெரியாதவர் கையில் ஆட்சியைக் கொடுத்த அவலம் என்றே இக்காலத்தைச் சித்திரித்தனர். 1915-இல் வந்த திரைப்படம் ஒன்று முகமூடிக் கூட்டத்தை வீரராக்கியது. 1935-இல் டூ பாய்ஸ் என்னும் கருநிற அறிஞர் பெருநூல் ஒன்று எழுதி இதை மறுத்தார். அதன் இறுதி அதிகாரத்தில் பள்ளிப் பாடநூல்களையே எடுத்துக்காட்டி, குழந்தைகளுக்கு என்ன கற்பிக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டோர் சிலரே. 1960-களில் உரிமைப் போராட்டம் எழுந்த பின்னரே கல்வியுலகம் திரும்பியது. 1988-இல் எரிக் போனர் வெளியிட்ட நூலுக்குப் பின் பழைய கதையைச் சொல்லும் அறிஞர் அரியர். முன்பு அச்சான பாடநூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைகளோ பல.

ராபர்ட் ஸ்மால்ஸ் ஐந்து முறை காங்கிரசுக்குத் தேர்வானார். 1895-இல் தென் கரோலினா மீண்டும் ஓர் அரசியல் சட்ட மன்றத்தைக் கூட்டியது. கருநிறத்தாரின் வாக்கைப் பறிப்பதே அதன் நோக்கம். 160 உறுப்பினருள் கருநிறத்தார் அறுவரே. அவருள் ஸ்மால்ஸ் ஒருவர். 1868-இல் தாம் எழுதத் துணைசெய்த சட்டம் கிழிக்கப்படுவதை இருந்து பார்த்தார், எதிர்த்துப் பேசினார், புதிய சட்டத்தில் கையெழுத்திட மறுத்து ஊர் திரும்பினார். 1915-இல் போபர்ட்டில், தம் பழைய எசமானரின் வீடாயிருந்த அதே வீட்டில் காலமானார். அவ்வூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் புனரமைப்புக் காலத்தின் தேசிய நினைவிடமாக அமெரிக்க அரசு அறிவித்தது 2017-இல்தான்.