கமலைக் கிணறும் கோடைத் தோட்டமும்



குற்றாலம் என்றதும் எல்லாருக்கும் ஆனி, ஆடிச் சாரல்தான் நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய பங்குனி, சித்திரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அருவி மெலிந்து பாறை தெரியும் அந்த நாட்களில் தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் வேலை ஓயாது. கத்தரி, வெண்டை, மிளகாய் என்று எதுவானாலும் வெயில் ஏறுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். வாடிய காய்க்கு விலை இல்லை. களை வெட்டுவதும் காய் பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் நம் தெருப் பெண்கள் ஏராளம்.

கோடையில் குளம் வற்றிவிடும். தோட்டம் நிற்பது கிணற்றை நம்பித்தான். கிணறு உள்ள நிலத்துக்குத்தான் நம் பக்கத்தில் தோட்டம் என்றே பேர். இல்லாதது வெறும் புஞ்சை.

மோட்டார் வருமுன் கமலை இருந்தது. இரண்டு மாடு, வடம், கூனை, கூனையின் அடியில் தோல் வால். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தண்ணீர் கீழே போனதும் கிணற்றில் இறங்கித் தூர் வாரியவர்களிலும் நம்மவர்கள் உண்டு. சேற்றில் நின்று ஊற்றுக்கண் திறந்தவர், மேலே வந்ததும் அதே தண்ணீரைக் குனிந்து கையேந்தித்தான் குடித்தார். தோல் வால் வழியாக வந்த நீர் பாத்தியில் தீட்டாகவில்லை, மிளகாயில் தீட்டாகவில்லை. பறித்தவளின் தாகத்தில் மட்டும் தீட்டு வந்து ஒட்டிக்கொண்டது.

1927 மார்ச் 20 அன்று மஹாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அதுவும் ஒரு பங்குனிதான். குடிக்கும் நீருக்கான அந்தப் போராட்டத்தை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். பயிருக்கான நீரைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. முதல் பத்தாண்டு நிலத்தை விற்கக் கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அந்த ரத்தத்தை மறக்காமலேயே ஒன்று சொல்கிறேன். தரிசைக் கொடுத்தவர்கள் அதோடு கிணற்றைக் கொடுக்கவில்லை. மழைக்கு ஒரு போகம் விளைவித்தவர் கோடையில் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனார். கடன் ஏறியதும் பட்டா கைவிட்டுப் போனதும் இந்த மாதங்களில்தான் என்பது என் கணிப்பு. பிறகு விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரம் கிணற்றைத் தேடித்தானே போகும்? கிணறே இல்லாத ஐம்பது சென்ட்காரருக்கு அதில் என்ன கிடைத்தது?

பஞ்சமி நில ஆவணம் தேடிக் கிராம நிர்வாக அலுவலகம் போகும் மாணவர்கள், பட்டாதாரர் பெயரோடு நின்றுவிட வேண்டாம். அடங்கலில் பாசன ஆதாரம் எழுதும் இடத்தையும் பாருங்கள். பங்குனியில் அங்கே என்ன பயிர் நின்றது, எந்தக் கிணற்றுத் தண்ணீரில் நின்றது என்று சேர்த்துக் குறித்து வாருங்கள்.