ஹூட் கிழிந்தால் கார் முடிந்ததா?

எங்கள் வீதியில் கூரை மடங்குகிற ஒரு பழைய மொரிஸ் மைனர் நிற்பது ஊரில் பலருக்குத் தெரியும். இப்போது அதற்கு நீலத் தார்ப்பாய்தான் கூரை. சொந்தக்காரக் காக்கா போன வாரம் சொன்னார்: "சேர், தகரம் வெட்டி வெல்டிங் பண்ணிடப் போறன்." அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இஸிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோதே தகரக் கூரை வகையும் துணிக் கூரை வகையும் சேர்ந்தே வந்தன. பின்பக்க யன்னல்கள் முதலில் கழற்றி மாட்டும் திரைகள். 1951இல் கண்ணாடி ஆயின. கூரை இல்லாத உடல் முறுகாமலிருக்க அடிப்பக்கத்தில் மேலதிக இரும்பு வைத்தார்கள். ஆக, அந்தக் காரின் பலம் கூரையை நம்பியிருக்கவில்லை. துணியின் வேலை மழையையும் வெயிலையும் மறிப்பது மட்டும்தான்.

இந்த ஹூட் குதிரை வண்டியிலிருந்து காருக்கு வந்தது. வண்டி கட்டுமிடங்களில் தோலும் துணியும் தைப்பவர் தச்சரிலும் கொல்லரிலும் வேறான தொழிலாளி. கூரை தேயும், அவர் புதிதாய்த் தைத்துக் கொடுப்பார். சட்டம் நிலைக்கும், துணி மாறும் என்பதுதான் ஏற்பாடு. கொழும்பில் ஓடிய ரிக்ஷாவுக்கும் அப்படித்தான், இன்றைய ஓட்டோவுக்கும் அப்படித்தான். ஓட்டோவின் ஹூட் கிழிந்ததற்காக யாராவது தகரம் அடித்தோமா?

துணியின் கதையில் நமது நாட்டுக்கும் பங்குண்டு. 1823இல் ஸ்கொட்லாந்தின் சார்ள்ஸ் மெக்கின்டோஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே இறப்பரைக் கரைத்துப் பூசி ஒட்டி, தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1844இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இறப்பர் ஒரு நிலைக்கு வந்தது. 1876இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 2000 இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். நல்ல ஹூட் துணி இன்றும் அதே மூன்று அடுக்குதான்: மேலே துணி, நடுவே இறப்பர், உள்ளே துணி. 'மொஹேர்' என்கிறார்கள். அங்கோரா ஆட்டு முடியின் பெயர் அது. இப்போது வருவது பெரும்பாலும் செயற்கை நூல்.

(ஒரு பகிடி: அமெரிக்கர்களுக்கு 'ஹூட்' என்றால் பொனட். காக்காவின் மகன் இணையத்தில் தேடி பொனட்டின் விலையைக் கொண்டுவந்து வாப்பாவைப் பயமுறுத்திவிட்டான்.)

சனிக்கிழமை, ஓட்டோக்களுக்கு ஹூட் தைக்கும் நமது குஷன் கடைக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். துணி பாதிக்கு மேல் நல்லாகவே இருக்கிறது. போயிருப்பது தையல், பருத்தி நூல் உக்கிவிட்டது. பின்பக்கப் பிளாஸ்டிக் மஞ்சளாகி, மடிப்பில் வெடித்திருக்கிறது. நனைந்தபடியே மடித்து வைத்ததால் ஓர் ஓரம் பூஞ்சணம். தையலைப் பொலியெஸ்டர் நூலால் மீண்டும் அடித்து, பிளாஸ்டிக்கை மாற்றினால் சில வருடம் ஓடும் என்றார். புதிதாய்ப் போடுவதென்றால் முதலில் இரும்புச் சட்டத்தையும் முன்பக்க மரத்தையும் நேராக்க வேண்டும். பழைய துணியை அப்படியே அளவாக எடுக்கக் கூடாது, அது இழுபட்டுக் கிடக்கிறது. நடுவிலிருந்து இரு பக்கமும் இழுத்து அடிக்க வேண்டும். அவர் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

1990களில் இங்கிலாந்தில் ஓடும் மொரிஸ் மைனர்களுக்கே உதிரிப்பாகம் செய்து அனுப்பிய நாடு இது. நமது வீதிக் காருக்கு ஒரு கூரை தைக்க முடியாதா?

காக்கா ஒரு மாதம் தவணை தந்திருக்கிறார். கூரையின் முன்பக்கத்தைப் பூட்டும் கொளுவி ஒன்று காணாமல் போயிருக்கிறது. யாருடைய வீட்டுப் பழைய இரும்புப் பெட்டியிலாவது கிடந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.