ராணிக்குப் பால் மாளிகை, சுல்தானுக்கு வெண்ணெய்ச் சாவடி

அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளின் ஊர். பித்தளைச் செம்பில் பால் கறக்கலாம், காய்ச்சவும் செய்யலாம். தயிரை மட்டும் அதில் விடக்கூடாது. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பேறிவிடும். அதற்கு மண்சட்டியோ கல்சட்டியோதான். கொங்கு நாட்டு வீட்டில் பாலுக்கென்று இருந்த ஏற்பாடே இவ்வளவுதான்: நாலு பாத்திரம், ஒரு மத்து, பூனைக்கு எட்டாத ஓர் உறி.

18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பிரபுக்களோ பாலுக்காகத் தனிக் கட்டடமே எழுப்பினார்கள். நாம் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, தயிரைக் கடைகிறோம். அவர்கள் பச்சைப் பாலை அகலத் தட்டுகளில் ஊற்றி, ஏடு மிதக்கும்வரை காத்திருந்தார்கள். அதுவரை பால் திரியக்கூடாது. எனவே வடக்குப் பார்த்த அறை, தடித்த சுவர், கல் தரை, தாழ்ந்த இறவாரம் எல்லாம் தேவைப்பட்டன. பண்ணையின் இந்தக் குளிர்ந்த மூலைதான் சீமாட்டிகள் விருந்தாளிகளை அழைத்து வந்து காட்டும் இடமாக மாறியது.

1783இல் இங்கிலாந்தின் ஹாமெல்ஸ் பண்ணையில் கட்டடக் கலைஞர் ஜான் சோன், பட்டை உரிக்காத மரங்களையே தூண்களாக நிறுத்தி, கூரை வேய்ந்து ஒரு பால்குடில் கட்டினார். அதே காலத்தில் வெர்சாயில் ராணி மரீ அந்த்வானெத்துக்காக ரிஷார் மீக் ஒரு பொய்க் கிராமத்தையே எழுப்பத் தொடங்கினார். அங்கே வேலைக்கு ஒரு பால்குடில், ருசி பார்க்க ஒன்று. பின்னதில் பளிங்கு மேசைகள். வீடுகள் பழசாகத் தெரிய வேண்டுமென்று சுவரில் விரிசல்களைத் தூரிகையால் வரைந்தார்கள். நம்மூரில் அந்த வேலையை ஐப்பசி மழை கூலி வாங்காமல் செய்துவிடும். ராணியே உட்கார்ந்து பால் கறந்தாள் என்கிற கதைக்கு ஆதாரம் கிடையாது.

உச்சம் ரம்பூயே. 16ஆம் லூயி 1783இல் வாங்கிய அந்த வேட்டை மாளிகை ராணிக்குப் பிடிக்கவில்லை. அவளைச் சமாதானப்படுத்த 1785 முதல் 1787க்குள் அங்கே ஒரு பால் மாளிகை எழுந்தது. வட்ட மண்டபம் ஒன்று. அதன் பின்னால் செயற்கைக் குகை. குகைக்குள் பியேர் ஜூலியன் செதுக்கிய பெண்ணும் வெள்ளாடும். பாத்திரங்கள் செவ்ர் அரச ஆலையின் பீங்கான். மரவாளி போலத் தெரிய வண்ணம் தீட்டிய பீங்கான் வாளிகளும் அவற்றில் உண்டு. அனுப்பர்பாளையத்தில் யாராவது பித்தளைக் குடத்துக்கு மண்குடம் மாதிரி சாயம் பூசச் சொன்னால், பட்டறைக்காரர் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

1788 ஆகஸ்டில் இதே வெர்சாயில் மூன்று பேர் அரசனைச் சந்தித்தார்கள். திப்பு சுல்தானின் தூதர்கள். படை உதவி கேட்டு வந்தவர்கள். அவர்களுக்குச் செவ்ர் ஆலையையும் சுற்றிக் காட்டினார்கள். கேட்ட படை கிடைக்கவில்லை. சுல்தானுக்குப் பரிசாகச் செவ்ர் பீங்கான் கிடைத்தது.

அன்று கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்தது. மைசூருக்கும் ஒரு பால் இலாகா உண்டு. அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவதற்காகச் சிக்க தேவராஜ உடையார் காலத்தில் ஏற்பட்ட ‘பெண்ணெ சாவடி’ அது. திப்பு அதற்கு ‘அம்ரித் மஹால்’ என்று பெயர் மாற்றினார். பெயரில்தான் மாளிகை, இருந்ததெல்லாம் ‘காவல்’ எனப்பட்ட மேய்ச்சல் நிலங்களும் மந்தைகளும். அந்தப் பசுக்களின் காளைகள் பீரங்கி இழுத்தன. திப்புவின் தந்தை ஹைதர் 1781இல் இரண்டரை நாளில் 100 மைல் கடந்து சிதம்பரத்தைக் காக்க வந்ததே இவற்றின் வேகத்தால்தான் என்று ஆங்கிலேயரே எழுதிவைத்தார்கள். பிரெஞ்சு அரசன் பாலை விளையாட்டாக்கினான், மைசூரார் படையாக்கினார்கள். என் ஓட்டு மைசூருக்குத்தான், தோற்றவர்கள் என்றாலும்.

1793இல் ராஜா ராணி இருவர் தலையும் போயின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது; மந்தைகள் கும்பினியார் கைக்குப் போயின, கொங்கு நாடும் போயிற்று. 1860இல் சிக்கனம் என்று சொல்லி மந்தையை விற்றார்கள். ஆறே வருடத்தில், காளை கிடைக்காமல், மறுபடி தொடங்கினார்கள்.

ரம்பூயே பால் மாளிகை இன்றும் நிற்கிறது. அதே ஊரில் லூயி 1786இல் ஸ்பெயினிலிருந்து வரவழைத்த மெரினோ ஆடுகளின் வம்சம், பின்னாளில் நீலகிரியின் சாண்டிநல்லா ஆராய்ச்சிப் பண்ணைவரை வந்து நம்மூர்ச் செம்மறியோடு கலந்தது. அந்தக் கம்பளிக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)